தன் கையே தனக்கு உதவியா?
கல்பனா சரோஜ், கமானி டியூப்ஸ்: ஒரு வரலாற்று வாசிப்பு



மறைந்த தோழர்கள் விட்டுச்சென்ற கேள்விகளில் ஒன்றை எடுத்து அடுத்த தலைமுறையிடம் கொண்டுசேர்ப்பதே இந்த நினைவுச் சொற்பொழிவின் வழக்கம். இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்ட கேள்வி இது: ‘சுயமுயற்சியால் உயர்ந்த தொழிலதிபர்’ என்று ஒருவரைப் புகழும்போது நாம் எதைச் சொல்கிறோம், எதைச் சொல்லாமல் விடுகிறோம்?

இதைப் பேச மகாராட்டிரத்தைச் சேர்ந்த கல்பனா சரோஜின் வாழ்க்கையைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். காரணம் உண்டு. கல்லூரிகளில் நடக்கும் தன்னம்பிக்கைக் கூட்டங்களில், நம் மாணவர்கள் முன் இன்று அடிக்கடி நிறுத்தப்படும் பெயர்களில் அவருடையதும் ஒன்று. “ஒரு தலித் பெண், பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காதவர், நாளொன்றுக்கு 2 ரூபாய்க் கூலியில் தொடங்கி ஆலை முதலாளி ஆகிவிட்டார். உனக்கு எதற்கு இடஒதுக்கீடு?” என்று அந்தக் கதை முடிக்கப்படுகிறது. அவரது உழைப்பில் நமக்கு ஐயமே இல்லை. அவரது வாழ்க்கையை நம் பிள்ளைகளுக்கு எதிரான வாதமாக மாற்றுகிறார்களே, அதைத்தான் நாம் கேள்வி கேட்கிறோம்.

காவலர் மகள்

1961இல் விதர்ப்பப் பகுதியின் அகோலா மாவட்டத்தில், ரோபர்கேடா என்ற சிற்றூரில் கல்பனா பிறந்தார். தந்தை காவல்துறையில் கான்ஸ்டபிள். தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இந்தத் தகவலை ஒரு வரியில் கடந்துபோவார்கள். நாம் சற்று நிற்கலாம். கிராமத்து நிலவுடைமையாளரின் தயவில் வாழாமல், மாதச் சம்பளம் வாங்கும் ஒரு தலித் தந்தை அவருக்கு வாய்த்திருந்தார். படையிலும் காவல்துறையிலும் அரசு அலுவலகங்களிலும் தீண்டப்படாத மக்களுக்கு இடம் கேட்டு அம்பேத்கரின் தலைமுறை நடத்திய போராட்டத்தின் நீட்சிதான் அந்தக் காக்கிச் சட்டை. கல்பனாவுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்ததும் அந்தச் சம்பளத்தால்தான்.

பள்ளிக்கூடம் கிடைத்தது, மரியாதை கிடைக்கவில்லை. தோழிகளின் வீட்டுக்குள் தன்னை விடவில்லை என்றும், பள்ளி நிகழ்ச்சிகள் சிலவற்றில் தலித் என்பதால் சேர்த்துக்கொள்ளவில்லை என்றும் அவர் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். 12 வயதில் அவருக்குத் திருமணம் செய்துவைத்தார்கள். மாப்பிள்ளைக்கு அவரைவிடப் பத்து வயது கூடுதல். மும்பையில், கணவர் குடும்பத்தின் நெருக்கடியான குடிசை வீட்டில், அடியும் பசியுமாக மாதங்கள் கழிந்தன. பார்க்க வந்த தந்தை மகளின் கோலத்தைக் கண்டு கையோடு ஊருக்கு அழைத்துவந்தார். வாழாவெட்டி என்ற பேச்சு ஊரில் அவரை வாழவிடவில்லை. ஒரு கட்டத்தில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டார்.

சாதி தன்னைக் காத்துக்கொள்வது அகமணத்தின் மூலம்தான் என்று 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் நிறுவினார். குழந்தைத் திருமணம் அந்த அகமணத்தைக் காக்கும் கருவிகளில் ஒன்று என்றும் அதில் விளக்கினார். அந்தக் கருவி சாதிக்கு வெளியே தள்ளப்பட்ட மக்களின் வீடுகளுக்குள்ளும் வேலை செய்தது என்பதற்குக் கல்பனாவின் பன்னிரண்டாவது வயது சான்று. அவருடைய வாழ்க்கையில் முதல் மீட்பு பணத்தால் வரவில்லை. ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காமல் மகளைக் கைப்பிடித்து அழைத்துவந்த ஒரு தகப்பனால் வந்தது.

இரண்டு ரூபாயும் ஐம்பதாயிரமும்

பதினாறு வயதில் மீண்டும் மும்பை. உறவினர் வீட்டில் தங்கி ஒரு ஹோசியரி ஆலையில் சேர்ந்தார். முதலில் தைத்த துணியில் நூல்பிசிறு வெட்டும் வேலை, நாளுக்கு 2 ரூபாய். பிறகு தையல் இயந்திரம்.

மும்பையில் நூலுக்கும் தலித்துகளுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. அந்நகரத்தின் பஞ்சாலைகளில் கூலி அதிகம் கிடைத்த நெசவுப் பிரிவில் தீண்டப்படாத தொழிலாளர்களைச் சேர்ப்பதில்லை. நூலை வாயால் உறிஞ்சி நாடாவில் கோக்க வேண்டியிருந்தது. தலித்தின் எச்சில் பட்ட நூலைத் தொடச் சாதி இந்துத் தொழிலாளர்கள் மறுத்தார்கள். 1928 பஞ்சாலை வேலைநிறுத்தக் காலத்தில் அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன்வைத்துக் கேள்வி கேட்டார். தொழிற்சாலை சாதியைக் கரைத்துவிடும் என்ற நம்பிக்கை எவ்வளவு மெலிதானது என்பதை இந்த நூல் நமக்குச் சொல்கிறது.

கல்பனாவின் குடும்பமும் மும்பைக்கு வந்து சேர்ந்தது. நோயுற்ற தங்கை, சிகிச்சைக்குப் பணமில்லாமல் இறந்துபோனார். பணம் சம்பாதித்தே ஆகவேண்டும் என்று தான் முடிவெடுத்தது அந்த மரணத்தில்தான் என்று கல்பனா சொல்கிறார். மகாத்மா ஃபுலே பெயரிலான அரசுத் திட்டத்தின் வழியாக 50,000 ரூபாய்க் கடன் பெற்றார். தையலகம், பிறகு மரச்சாமான் வணிகம் என்று தொழில் வளர்ந்தது.

இந்தக் கடன் எங்கிருந்து வந்தது? நமக்குத் தாட்கோ போல மகாராட்டிரத்துக்கு மகாத்மா ஃபுலே பெயரில் ஒரு மேம்பாட்டுக் கழகம் உண்டு. அது 1978இல் தொடங்கப்பட்டது. அதற்குச் சற்று முன்னால் நடந்தவற்றை வரிசையாகப் பாருங்கள். 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. 1972இல் மும்பையில் தலித் பேந்தர்கள் எழுந்தார்கள். 1970களின் இறுதியில் பட்டியல் சாதியினருக்கான சிறப்புக் கூறுத் திட்டம் வந்தது. தனியார் வங்கியின் படிக்கட்டில் சாதியும் பிணையும் இல்லாத ஒரு பெண்ணுக்கு இடம் இருந்ததில்லை. தெருவில் அடிபட்ட இளைஞர்களும் சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பியவர்களும் சேர்ந்து அரசின் மீது கொடுத்த அழுத்தம்தான் அந்த 50,000 ரூபாயைச் சாத்தியமாக்கியது.

கல்பனா இதை உணர்ந்திருந்தார். அரசுக் கடன் திட்டங்களை வேலையற்ற இளைஞர்களுக்கு எடுத்துச்சொல்ல ஒரு சங்கமே நடத்தினார். தான் நுழைந்த கதவைப் பிறருக்கும் காட்டிய அந்தச் செயலைப் பேச்சாளர்கள் சொல்வதில்லை.

அடுத்த திருப்பம் கல்யாணில். வழக்கில் சிக்கியிருந்த ஒரு நிலத்தை இரண்டரை லட்சம் ரூபாய்க்கு வாங்கி, வழக்கைத் தீர்த்தார். ஒரு தலித் பெண்ணிடம் நகரத்து நிலம் போவதைப் பொறுக்காதவர்களிடமிருந்து கொலை மிரட்டல் வந்தது. தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் பெற்றார். கட்டடம் எழுப்பப் பணமில்லாதபோது சிந்தி வணிகர் ஒருவர் முதலீடு செய்தார், வருமானத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். பிரிவினையின்போது அகதிகளாக வந்த சிந்திகளைக் கல்யாண் இராணுவ முகாமில் குடியமர்த்தி, அதுவே உல்லாசநகர் என்ற ஊரானது. எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களுக்கும் அரசு கொடுத்த இடமும், வணிகச் சாதியின் பழைய கைத்தொடர்பும் இருந்தன. நம்மவர்களுக்கு இரண்டாவது இல்லை. அதனால்தான் முதலாவதற்கு இவ்வளவு போராட வேண்டியிருக்கிறது.

தொழிலாளர் நடத்திய ஆலை

இப்போது கமானி டியூப்ஸுக்கு வருவோம். கல்பனாவைப் பற்றிய கட்டுரைகளில் இந்த ஆலை ஒரு பாழடைந்த கட்டடமாகத்தான் அறிமுகமாகும். ஆனால் அதற்குத் தனி வரலாறு உண்டு.

ராம்ஜிபாய் கமானி என்ற குஜராத்தித் தொழிலதிபரின் குழுமம் 1960வாக்கில் மும்பை குர்லாவில் அமைத்த ஆலை இது. தாமிரம், தாமிரக் கலவைக் குழாய்கள் செய்தது. நிறுவனர் மறைந்தபின் குடும்பத்துக்குள் சொத்துச் சண்டை மூண்டது. வழக்குமேல் வழக்காக நடந்து, 1985இல் ஆலை நின்றுபோனது. உற்பத்தியும் கூலியும் நின்றன.

அப்போது தொழிற்சங்கம் யாரும் எதிர்பாராத ஒன்றைக் கேட்டது: முதலாளிகளால் நடத்த முடியவில்லை என்றால் எங்களிடம் கொடுங்கள். நலிந்த ஆலைகளுக்கான சட்டம் 1985இல் இயற்றப்பட்டிருந்தது. அதன்கீழ் தொழில் மற்றும் நிதி மறுசீரமைப்பு வாரியம் 1987இல் இயங்கத் தொடங்கியிருந்தது. தொழிலாளர்கள் வகுத்த மறுவாழ்வுத் திட்டத்தைக் குடும்பத்தில் ஒரு தரப்பு எதிர்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1988 செப்டம்பரில் தொழிலாளர் பக்கம் தீர்ப்பானது. தங்கள் கூலியையும் சேமிப்பையும் பணயம் வைத்துத் தொழிலாளர்கள் ஆலையை மீண்டும் ஓட்டினார்கள். இந்தியத் தொழிற்சங்க வரலாற்றில் இதற்கு முன்மாதிரி இல்லை என்றே சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகள் ஓடியது. பிறகு தள்ளாடியது. தாமிரம் விலையுயர்ந்த உலோகம். மூலப்பொருள் வாங்க நடைமுறை மூலதனம் கையில் இருந்தாக வேண்டும். உலகச் சந்தை விலை ஏறினால் அந்தத் தேவையும் ஏறும். தொழிலாளர் ஆலைக்குப் பின்னால் கைமாற்றுக் கொடுக்கும் பங்காளிகள் இல்லை, வங்கியில் பிணை நிற்கும் மாமன் மச்சான் இல்லை. 1991க்குப் பிறகு காற்றும் எதிராக வீசியது. 1990களின் இறுதியில் மின்சாரமும் தண்ணீரும் துண்டிக்கப்பட்டு ஆலை கிடந்தது.

“எல்லோரும் முதலாளி என்றால் யார் வேலை செய்வது?” என்று இந்தத் தோல்வியை ஒரே வரியில் முடித்துவைக்கிறார்கள். இதே ஆலையைச் செல்வமும் உறவும் அனுபவமும் நிறைந்த ஒரு முதலாளிக் குடும்பம் அதற்கு முன்பே மூழ்கடித்தது. அப்போது “முதலாளிகளுக்கு ஆலை நடத்தத் தெரியாது” என்று யாரும் பாடம் எழுதவில்லை. பணக்காரர் தோற்றால் அது குடும்பத் தகராறு. உழைப்பாளர் தோற்றால் அது உழைப்பாளரின் இயல்பு. சாதியச் சமூகம் தகுதியை அளக்கும் தராசு இப்படித்தான் சாய்கிறது.

2000வாக்கில் அந்தத் தொழிலாளர்கள்தான் கல்பனாவைத் தேடிப்போனார்கள். 566 தொழிலாளர் குடும்பங்கள், 116 கோடி ரூபாய்க் கடன், 140 வழக்குகள், இரண்டு தொழிற்சங்கங்கள் என்று நேர்காணல்களில் அவர் கணக்குச் சொல்கிறார். ஆலை நடத்திய அனுபவம் அவருக்கு இல்லை. பட்டினி கிடக்கும் குடும்பங்களை எண்ணித்தான் ஒப்புக்கொண்டதாகச் சொல்கிறார். வல்லுநர்களைச் சேர்த்தார். கடனில் பெரும்பகுதி வட்டியும் அபராதமும்தான் என்பதைக் கண்டுகொண்டு, நிதியமைச்சர் வரை சென்று முறையிட்டுத் தள்ளுபடி பெற்றார். 2006இல் நிறுவனத்தின் தலைவரானார். தொழிலாளர்களின் பழைய கூலிப் பாக்கியைக் குறித்த கெடுவுக்கு முன்பே தீர்த்ததாகச் சொல்கிறார். 2009இல் ஆலை வாடாவுக்கு இடம்பெயர்ந்தது. 2013இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே ஆண்டு தொடங்கிய பாரதீய மகிளா வங்கியின் இயக்குநர் குழுவிலும் இடம்பெற்றார்.

வெளிநாட்டுப் பத்திரிகைகள் அவரை ‘அசல் ஸ்லம்டாக் மில்லியனர்’ என்று கொண்டாடின. சேரிநாய் என்ற வசைச்சொல் பாராட்டாக மாறி வந்தால் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். கோடீசுவரி ஆன பிறகும் பிறந்த இடத்தின் பெயரைச் சொல்லித்தான் அவரை அழைக்கிறார்கள்.

இப்போது கைகளை எண்ணிப் பாருங்கள். தந்தையின் அரசு வேலை. நாட்டுடைமை வங்கிகளின் காலம். இயக்கங்கள் வென்ற கடன் திட்டம். ஒரு கூட்டாளியின் முதலீடு. ஆலையை இழுத்து மூடவிடாமல் பதினைந்து ஆண்டுகள் பிடித்துவைத்திருந்த தொழிலாளர்கள். நலிந்த ஆலைகளுக்கான சட்டமும், தள்ளுபடி செய்த பொதுத்துறை நிதி அமைப்பும். இவற்றோடு கல்பனாவின் அசாத்தியமான துணிச்சல். ‘தன் கையே தனக்கு உதவி’ என்பது நல்ல பழமொழி. ஆனால் இங்கே வேலை செய்தது பல கை.

வெறுங்கை என்பது யாருடைய கை?

ஒப்பிட இன்னொரு வாழ்க்கையைப் பார்க்கலாம். திருபாய் அம்பானி 1932இல் குஜராத்தின் சோர்வாடில் ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். செல்வக் குடும்பம் இல்லைதான். அவர் ஏடனுக்கு வேலைக்குப் போனபோது அண்ணன் ஏற்கெனவே அங்கே இருந்தார். 1958இல் திரும்பிவந்து மும்பை மஸ்ஜித் பந்தரில் கடை தொடங்கியபோது உறவினரான சம்பக்லால் தமானி கூட்டாளியாக இருந்தார். அவர் பிறந்த மோத் பனியா சாதிக்குத் தலைமுறை தலைமுறையாக வணிகமே தொழில். சரக்கைக் கடனுக்குக் கொடுப்பவர், வாக்கை நம்புபவர், விலைத்தகவல் சொல்பவர் என எல்லோரும் அந்த வட்டத்துக்குள்ளேயே இருந்தார்கள். கையில் காசில்லாதபோதும் அவருக்குச் சாதி ஒரு வங்கியாக இருந்தது. சமூகவியலில் இதைச் சமூக மூலதனம் என்கிறோம். அந்த மூலதனத்தைப் பயன்படுத்தியவரைச் சுயமாக உயர்ந்தவர் என்கிறோம். அரசுக் கடனைப் பயன்படுத்தியவரைச் சலுகை பெற்றவர் என்கிறோம்!

தலித்துக்குச் செல்வம் சேர்க்கும் உரிமையையே மறுத்த தர்மசாத்திரங்கள் உள்ள நாடு இது. அதன் விளைவை இன்றைய எண்களிலும் காணலாம். இந்தியாவின் முதல் 1,000 நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வு, உறுப்பினர்களில் ஏறத்தாழ 93 விழுக்காட்டினர் உயர்சாதியினர் என்றும், பட்டியல் சாதி, பழங்குடியினர் இருவரும் சேர்ந்தே 3.5 விழுக்காடுதான் என்றும் காட்டியது. ஒரு கல்பனா மேலே வந்தது அவரது துணிச்சலைச் சொல்கிறது. அவரைப்போல் ஆயிரம் பேர் ஏன் வரவில்லை என்பதை இந்த எண் சொல்கிறது.

‘வேலை தேடாதே, வேலை கொடு’

தலித் முதலாளியம் குறித்த விவாதம் 2002 ஜனவரி போபால் பிரகடனத்தோடு வேகம் பெற்றது. அரசுக் கொள்முதலில் தலித்துகளுக்குப் பங்கு வேண்டும் என்று அது கோரியது. 2005இல் மிலிந்த் காம்ப்ளே தலித் இந்திய வணிகத் தொழில் கூட்டமைப்பைத் தொடங்கினார். வேலை தேடுபவராக இல்லாமல் வேலை கொடுப்பவராக மாறுவோம் என்பது அதன் முழக்கம். 2012 முதல், மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடியினரின் சிறு தொழில்களிடமிருந்து வாங்க வேண்டும் என்ற விதி வந்தது. 2016இல் வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம், வங்கியின் ஒவ்வொரு கிளையும் குறைந்தது ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடியினருக்கும் ஒரு பெண்ணுக்கும் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை தொழில் கடன் கொடுக்கச் சொன்னது.

இவற்றை நாம் ஒதுக்கித்தள்ளத் தேவையில்லை. நிலமும் இயந்திரமும் வங்கிக் கணக்கும் நம் கையில் வருவது அவமானமல்ல, உரிமை. பிறர் சாணம் அள்ளி வாழ்ந்த கைகள் காசோலையில் கையெழுத்திடுவதைப் பார்த்து மகிழாதவர் நம்மில் யார்? ஆனால் இரண்டு செய்திகளை நாம் மறக்கக் கூடாது.

ஒன்று, கொள்முதல் விதி பொதுத்துறையைச் சார்ந்து நிற்கிறது. பொதுத்துறையை விற்றுக்கொண்டே தலித் தொழில்முனைவோரை வளர்ப்பதாகச் சொல்வது கிணற்றைத் தூர்த்துவிட்டு வாளி கொடுப்பது போன்றது. கான்ஸ்டபிள் வேலைகளும் வங்கி எழுத்தர் வேலைகளும் சுருங்கும்போது அடுத்த கல்பனாக்களை வளர்க்கும் வீடுகளும் சுருங்குகின்றன.

இரண்டு, முதலாளியாக உயர்பவர் நம்மவராக இருந்தாலும் ஆலைக்குள் கூலிக்கு நிற்பவர்களில் பெரும்பாலோர் நம்மவர்களே. 1936இல் அம்பேத்கர் தொடங்கிய கட்சியின் பெயர் சுதந்திரத் தொழிலாளர் கட்சி. 1938 பிப்ரவரியில் மன்மாட் ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில், உழைக்கும் மக்களுக்குப் பார்ப்பனியமும் முதலாளியமும் இரு பகைகள் என்றார். அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, வேலைநிறுத்த உரிமையைப் பறிக்கும் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து மும்பையில் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கினார். இரண்டில் ஒன்றை மட்டும் எதிர்த்தால் போதும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. கமானியின் கதவைத் தட்டித் தங்களுக்கு உரிமை கேட்ட தொழிலாளர்களும் அவர் வழியில் வந்தவர்களே. அவர்களுடைய பெயர்கள் எந்த விருதுப் பட்டியலிலும் இல்லை.

மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் கல்லூரி மேடையில் கல்பனா சரோஜின் படத்தைத் திரையில் காட்டும்போது எழுந்து நின்று கைதட்டுங்கள், அதற்கு அவர் தகுதியானவர். பிறகு உட்காராமல் மூன்று கேள்விகள் கேளுங்கள். அவர் வாங்கிய கடனைப் போல நம் மாவட்டத்தில் கடந்த ஆண்டு தாட்கோ மூலம் எத்தனை பேருக்குக் கிடைத்தது? அந்த 4 விழுக்காட்டுக் கொள்முதலில் நம் ஊர்ப் பொதுத்துறை நிறுவனங்கள் எவ்வளவு நிறைவேற்றின? கூலி நின்றபின்னும் ஆலையைக் காத்துநின்ற அந்த 566 குடும்பங்கள் இன்று எப்படி வாழ்கின்றன? முதலிரண்டுக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பதில் வாங்கலாம். வாங்கி நம் அரங்குக்கு அனுப்புங்கள், அடுத்த ஆண்டு இதே மேடையில் அந்தப் பதில்களிலிருந்து பேச்சைத் தொடங்குவோம். மூன்றாவது கேள்விக்குக் காகிதத்தில் பதில் வராது. அந்தத் தொழிலாளர்களைத் தேடிச் சென்று கேட்டு எழுத உங்களில் ஒருவர் முன்வர வேண்டும்.

ஜெய் பீம்.